இரண்டாவது தாள்

எங்கள் கட்டடத்தில் ஒட்டிய எந்த அறிவிப்பையும் அன்ரி நின்று வாசிக்காமல் கடந்துபோனதில்லை. மின்தூக்கிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தாள் தெரிந்தால், கையில் பால் பைகள் தொங்கிக்கொண்டிருந்தாலும் நின்றுவிடுவார். மேலிருந்து கீழே வாசிக்கமாட்டார். முதலில் கண் போவது தாளின் அடிக்கு, யார் கையெழுத்து என்று பார்க்க. ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்புத் தோய்க்கும் அறையை ஐந்து மணிக்கே பூட்டுவோம் என்று ஒட்டியிருந்தார்கள். அடியில் ‘மனேஜ்மென்ட்’ என்று மட்டும் இருந்தது.

“மனேஜ்மென்ட் எண்டால் ஆர்? அந்தாளுக்குத் தாய் தேப்பன் பேர் வைக்கேல்லையோ?”

பக்கத்தில் நின்ற என் அம்மா சிரித்தார். அன்ரி சிரிக்கவில்லை. மறுநாள் கட்டட அலுவலகத்துக்குப் போய் அந்த மனேஜ்மென்டின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். அறையை அதற்குப் பிறகும் ஐந்து மணிக்குத்தான் பூட்டினார்கள். ஆனால் பூட்டச் சொன்னவரின் பெயர் எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். மோர்னிங்சைட் என்ற பகுதியில், ஏழாவது மாடியில், எங்கள் கதவிலிருந்து மூன்றாவது கதவு அவருடையது. கணவர் தூரத்து ஊர்களுக்கு லொறி ஓட்டுபவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அன்ரி பக்கத்து ஆரம்பப் பாடசாலையில், பிள்ளைகள் மதியம் சாப்பிடும் நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேர வேலை. அதற்காகவும் மடிப்புக் கலையாத காற்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு போவார்.

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. அம்மா முதியோர் இல்லமொன்றில் துப்புரவு செய்தார். நான் சின்னவனாக இருந்த காலத்தில் என் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால் அம்மா அதை அன்ரியிடம்தான் கொண்டுபோவார். அன்ரி வாசித்துச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்.

“இதை ஆர் முடிவெடுத்தது எண்டு கேட்டனீங்களோ, தங்கச்சி?”

“பள்ளிக்கூடம்தானே அக்கா.”

“பள்ளிக்கூடம் கட்டடம். கட்டடம் முடிவெடுக்காது.”

இந்தக் கேள்வியை அவர் எல்லா இடத்திலும் கேட்டார். கோயிலில் அன்னதான வரிசையை இடப்பக்கமிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியபோது கேட்டார். “ஐயா சொன்னவர்” என்றார்கள். “எந்த ஐயா?” என்றார். பின்னால் நின்றவர்கள் பசியில் முறைத்தார்கள். பல் வைத்தியரிடம் கேட்டார். பனி விழுந்து பஸ் பாதை மாறிய நாளில் சாரதியிடம் கேட்டார். அவருக்குக் கோபம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. குரல் உயராது. விலாசம் விசாரிப்பதுபோலக் கேட்பார்.

ஒருநாள் மின்தூக்கியில் அவரே சொன்னார். “ஊரில மேலிடம், மேலிடம் எண்டு கேட்டே வளந்தனாங்கள். மேலிடத்து உத்தரவு எண்டால் அதோட கதை முடிஞ்சுது. இஞ்ச அப்பிடி இல்லைத் தம்பி. இஞ்ச மேலிடத்துக்கு முகம் இருக்கு, போன் நம்பர் இருக்கு, நாலு வருசத்துக்கு ஒருக்கா எலெக்சன் இருக்கு. கேக்காமல் விட்டால் பிழை எங்களில.”

அதை அவர் முழுமையாக நம்பினார்.

அவர் வேலை செய்த பாடசாலையின் வாசலில், சுவரில் ஒரு வெண்கலப் பலகை பதித்திருந்தது. பாடசாலையைத் திறந்தபோது வைத்தது. அன்றைய கல்விச்சபை உறுப்பினர்கள் எல்லோருடைய பெயரும் அதில் இருந்தது. நானும் அங்கேதான் படித்தேன். எட்டு வருடம் அதைக் கடந்து போயிருக்கிறேன், ஒரு பெயரும் தெரியாது. அன்ரிக்குப் பன்னிரண்டு பெயர்களும் மனப்பாடம். அந்தக் காலத்தில் எங்கள் பகுதிக்கென்று தனியாக ஒரு கல்விச்சபை இருந்தது, உறுப்பினரைக் கடைத்தெருவில் மறித்துக் கதைக்கலாம், பிறகு மாகாண அரசு சபைகளையெல்லாம் சேர்த்து ஒன்றாக்கியது, இப்போது ஒரு உறுப்பினருக்குக் கீழே இத்தனை பாடசாலைகள் என்று நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்துவந்து வாசித்து, கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

“அப்ப முடிவெடுத்த ஆக்கள் தங்கட பேரைச் சுவரில எழுதி வைச்சிட்டுப் போயிருக்கினம். அது ஒரு நேர்மை” என்பார்.

மாநகரத் தேர்தல் வரும்போது வாக்குச்சீட்டில் மேயர் முதலில், கல்விச்சபை உறுப்பினர் கடைசியில். பெரும்பாலானவர்கள் அந்தக் கடைசிப் பகுதியை வெறுமையாக விட்டுவிட்டு வருவார்கள். அன்ரி மாடி மாடியாகப் போய்க் கதவு தட்டினார். யாருக்குப் போடு என்று சொல்லமாட்டார். வெறுமையாக விடவேண்டாம் என்று மட்டும் சொல்லுவார்.

“அக்கா, மேயருக்கே ஆர் ஆர் நிக்கினம் எண்டு எனக்குத் தெரியாது” என்றார் அப்பா.

“உங்கட பிள்ளைக்கு மேயரோ படிப்பிக்கிறார்?”

“அப்ப நீங்களே எலெக்சன் கேக்கலாமே.”

“நான் போய் அங்க இருந்தால், பிறகு நான் ஆரைக் கேள்வி கேக்கிறது?”

அப்பா அதைத் தொழிற்சாலையில் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்.

அவருக்கு ஒரே மகள். அப்போது ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. அந்தப் பாடசாலையிலேயே இருந்த விசேட வகுப்பில் எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி. கட்டடத்திலிருந்து பாடசாலைக்குப் பதினான்கு நிமிட நடை. வழியில் உள்ள வேலிக் கம்பி ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போவாள். மழையோ பனியோ, தொட்டு முடித்துத்தான் பாடசாலை வாசலுக்குள் காலை வைப்பாள். நடக்கும்போது அமைதியாக இருப்பாள். வாகனத்தில் ஏற்றினால் காதைப் பொத்திக்கொண்டு தன் மணிக்கட்டைக் கடிப்பாள். இடது மணிக்கட்டில் எப்போதும் பல் தழும்பு இருக்கும்.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த ஆண்டு, அந்த விசேட வகுப்பை வேறு பாடசாலைக்கு மாற்றப்போவதாகக் கடிதம் வந்தது. அங்கே போக, சின்னப் பஸ்ஸில் நாற்பது நிமிடம். அன்ரி வழக்கம்போலக் கடிதத்தின் அடியைப் பார்த்தார். அதிபரிடம் போனார். அதிபர், இது தன் முடிவல்ல, பல பாடசாலைகளுக்குப் பொறுப்பான சூப்பரின்டென்டன்டின் முடிவு என்றார். சூப்பரின்டென்டன்ட், தான் பரிந்துரை மட்டும்தான் செய்வதாகவும் முடிவெடுப்பது சபை என்றும் பதில் எழுதினார். எங்கள் பகுதிக்குத் தெரிவான உறுப்பினர் தொலைபேசியில் அன்பாகப் பேசி, நிதியை மாகாணம்தான் தீர்மானிக்கிறது என்றார். இவ்வளவுக்கும் இரண்டு மாதம் போயிற்று. அன்ரி சோர்ந்ததாகத் தெரியவில்லை. ஏணியில் ஏறுகிறவரைப்போல இருந்தார். அடுத்த படி சபைக் கூட்டம். அங்கே பொதுமக்கள் பெயர் பதிந்து ஐந்து நிமிடம் பேசலாம்.

அந்த ஆண்டு அந்தச் சபையில் நானும் இருந்தேன். கல்விச்சபைக்கு மாணவர்களும் தங்கள் பிரதிநிதியைத் தெரிவு செய்வார்கள். மாணவ உறுப்பினர் என்று பெயர். மேசையில் உட்காரலாம், கேள்வி கேட்கலாம், வாக்கும் போடலாம். அந்த வாக்கைக் குறிப்பில் எழுதுவார்கள், கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அம்மா அதையெல்லாம் விளங்கிக்கொள்ளவில்லை. “என்ர மோன் போர்ட்டில இருக்கிறான்” என்று முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

அன்ரி விளங்கிக்கொண்டார்.

“உன்ர வோட்டை எண்ணமாட்டினம் எண்டால், பிறகு ஏன் உன்னட்டக் கேக்கினம்?”

“மாணவர்கள் என்ன நினைக்கினம் எண்டு பதியிறதுக்கு அன்ரி.”

“சரி. கேள்வி கேக்கலாமோ?”

“ஓம். பேச வாற ஆக்களிட்டக் கேக்கலாம்.”

“அப்ப நான் பதில் சொல்லுற நேரம் அந்த அஞ்சு நிமிசத்துக்குள்ள வருமோ?”

வராது என்றேன். ஐந்து நிமிடம் முடிந்ததும் தலைவர், உறுப்பினர்களுக்குக் கேள்வி இருக்கிறதா என்று கேட்பார். யாராவது கேட்டால் பதில் சொல்லலாம். அதற்கு நேரம் காட்டும் விளக்கு எரியாது. விதிகள் அடங்கிய கோப்பை நான் ஒரு வரி விடாமல் வாசித்திருந்தேன். எனக்குத் தெரிந்ததைக் கேட்க ஒருவர் கிடைத்ததில் சந்தோசம்.

அன்ரி ஒரு வாரம் எழுதினார். பிறகு எங்கள் சமையலறையில் நின்று வாசித்துக் காட்டினார். நான் போனில் நேரம் பார்த்தேன். இரண்டு தாள்கள். முதல் தாளில் அவருடைய மகள் வரவேயில்லை. வகுப்பறை எத்தனை, வெறுமையாக இருப்பது எத்தனை, விசேட வகுப்புக்களை வீட்டுக்கு அருகில் வைக்கவேண்டும் என்று சபையே முன்பு நிறைவேற்றிய கொள்கை, எல்லாம் வரிசையாக இருந்தன. ஐந்து நிமிடத்துக்குப் பத்து வினாடி குறைவு.

“பிள்ளையைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்லையே அன்ரி?”

“முதலே அதைச் சொன்னால், தாய் ஒருத்தி வந்து அழுதிட்டுப் போறா எண்டு நினைச்சு அனுதாபப்படுவினம். அனுதாபப்பட்டால் கேக்கமாட்டினம். முதல்ல நியாயத்தைக் கேக்கட்டும். பிறகு நீ கேள், இந்த மாற்றம் உங்கட குடும்பத்தை எப்பிடிப் பாதிக்கும் எண்டு. அதுக்குத்தான் இது.”

இரண்டாவது தாளை வாசித்தார். அது ஒரு நிமிடம்கூட இல்லை. ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, அம்மாவுக்காகத் தமிழிலும் சொன்னார். “என்ர பிள்ளைக்குக் கதைக்கத் தெரியாது. ஆனால் பள்ளிக்கூடம் போற வழி தெரியும். அவளின்ர வாழ்க்கையில அவள் தானாச் செய்யிற ஒரே காரியம் அது. நடந்து போனால் அவள் பள்ளிக்கூடம் போறாள். பஸ்ஸில ஏத்தினால் அவளைக் கொண்டு போகினம். அவ்வளவுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் எண்டு நீங்கள் நினைச்சால், அப்பிடி நினைக்கிறது ஆர் எண்டு கையை உயர்த்திச் சொல்லுங்கோ.”

அம்மா முகத்தைத் துடைத்தார். நான் நாற்பத்தெட்டு வினாடி என்றேன்.

கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு நான் ஒரு காரியம் செய்தேன். விதிக் கோப்பில், உறுப்பினர்கள் தமக்கு வேண்டியவர்களின் விடயத்தில் எப்படி நடக்கவேண்டும் என்று ஒரு பக்கம் இருந்தது. அன்ரி பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் வீட்டுக் கடிதங்களை வாசித்தவர். நான் கேள்வி கேட்பது சரியா? எனக்கு இதில் பிழை விடக்கூடாது என்று இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து இப்படி ஒரு மேசைக்கு முதல் வந்தவன் நான். சபை அலுவலகத்தில் விதிகளைப் பார்க்கும் அதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. விதியில் தடை இல்லை. ஆனாலும் பார்ப்பவர்களுக்கு எப்படித் தோன்றும் என்று யோசித்துக்கொள்வது நல்லது.

நான் யோசித்தேன். கேட்காமல் விடுவதுதான் ஒழுங்கு என்று முடிவெடுத்தேன். மேசையில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், யாராவது ஒருவர் எப்படியும் அன்ரியிடம் கேட்பார் என்றும் நினைத்தேன். இதை அன்ரியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் தாள்களை மாற்றி எழுதியிருப்பார். நான்கு நாள் இருந்தது. இரண்டு தடவை மின்தூக்கியில் சந்தித்தேன். கூட்டத்தன்று மண்டப வாசலிலும் சந்தித்தேன். “சாப்பிட்டனியோ?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

பிற்பகல் கூட்டம் அது. பன்னிரண்டு பேர் பேசப் பதிந்திருந்தார்கள், அன்ரி ஒன்பதாவது. கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து ஒலிவாங்கியின் உயரத்தைத் தானே சரிசெய்தார். பச்சை விளக்கு எரிந்தது. எங்கள் சமையலறையில் வாசித்ததுபோலவே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் வாசித்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார். மஞ்சள் விளக்கு வந்து, சிவப்பு வருவதற்குள் முடித்தார். முடித்ததும் முதல் தாளைக் கீழே வைத்து, இரண்டாவதைக் கையில் எடுத்தார்.

தலைவர் நன்றி சொன்னார். உறுப்பினர்களிடம் கேள்விகள் உண்டா என்று கேட்டு, மேசையை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பார்த்தார். குறித்துக்கொண்டவர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் முன்னால் இருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைப் பார்த்தேன். கேள்விகள் இல்லை என்று சொல்லித் தலைவர் பத்தாவது பெயரைக் கூப்பிட்டார்.

அன்ரி நின்றார். பத்தாவது ஆள் எழும்பி வந்து அவருக்குப் பின்னால் காத்து நின்றார். அலுவலகப் பெண் ஒருவர் வந்து அன்ரியின் முழங்கையை மெல்லத் தொட்டார். அன்ரி இரண்டாவது தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, தன் இடத்தில் போய் இருந்தார். மிச்ச மூன்று பேர் பேசியதையும் முழுதாகக் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து உடுப்புத் தோய்க்கும் அறையில் அவரைக் கண்டேன். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, கேக்கவேண்டாம் எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அன்ரி.”

“சூப்பரின்டென்டன்டோ?”

“இல்லை.”

“சேர்மனோ? பயப்பிடாமச் சொல்லு, நான் உன்ர பேரைச் சொல்லமாட்டன்.”

“இல்லை அன்ரி. நான்தான் முடிவெடுத்தனான்.”

அவர் கையில் இருந்த தலையணை உறையை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார். மகளின் காலுறைகளைச் சோடி சேர்த்தார்.

“சரி” என்றார். “ஆளைத் தெரிஞ்சால் போதும்.”

பிறகு, “உங்கட மெசின் நிண்டு கன நேரம், அங்கால ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம்” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் வாக்கெடுப்பு. வகுப்பை மாற்றும் தீர்மானம் நிறைவேறியது. நான் எதிர்த்து வாக்களித்தேன். என் வாக்கைத் தனி வரியில் எழுதினார்கள். அந்தக் குறிப்பை அன்ரி கேட்பார் என்று நினைத்து அச்சடித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. மின்தூக்கியில் கண்டால் முன்புபோலவே சிரிப்பார், படிப்பு எப்படி என்று கேட்பார். அடுத்த குளிர்காலத்தில் அவர்கள் வீடு மாறினார்கள். ரூஜ் என்ற இடத்துப் பக்கம் என்று அம்மா கேள்விப்பட்டார். அதற்குப் பிறகு நான் அவரைச் சந்திக்கவில்லை. கல்விச்சபைகளின் அதிகாரத்தை மாகாணமே எடுத்துக்கொள்வது பற்றி இப்போது செய்திகளில் வரும்போது, மார்க்கம் நகரில் என் அலுவலக மேசையில் இருந்து அதை முழுவதும் வாசிக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. ஏதாவது தோன்றட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்துதான் இதையும் இவ்வளவு காலம் எழுதாமல் விட்டேன்.

அவர்கள் வீடு மாறுவதற்கு முந்திய செப்டம்பரில் ஒரு காலைப் பொழுது மட்டும் சொல்லப் பாக்கி.

அன்று நான் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முதல் நாள். அப்பா வேலைக்கு லீவு போட்டிருந்தார். அம்மா காலையிலேயே சேலை கட்டி, என் நெற்றியில் திருநீறு பூசிக் கீழே கூட்டிவந்தார். கட்டட வாசலில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் என்னை நிறுத்திப் படம் எடுக்க ஆயத்தம். அந்த நேரம் சின்ன மஞ்சள் பஸ் வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. அன்ரி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தார். மகள் பஸ்ஸைக் கண்டாள். வேலி இருந்த பக்கமாகத் தாயை இழுத்தாள்.

அன்ரி எங்களைக் கண்டு அப்படியே நின்றார். மகளைப் பின்பக்கமாக அணைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“எடுங்கோ, எடுங்கோ. நாங்கள் நிக்கிறம். நல்ல நாள்” என்றார்.

சாரதி ஹோர்ன் அடித்தார். அந்தச் சத்தத்தில் பிள்ளை அலறத் தொடங்கினாள். பஸ்ஸிலிருந்து ஒரு உதவியாளர் இறங்கி வந்தார். அவரும் அன்ரியும் இரண்டு பக்கமும் பிடித்து அவளைத் தூக்கினார்கள். அவள் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் இருக்க அன்ரி தன் கையைக் கொடுத்திருந்தார். அவள் அதைக் கடித்தாள். அன்ரி கையை எடுக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, பஸ் படத்துக்குள்ள வருது. இவனை இஞ்சால தள்ளி நிக்கச் சொல்லுங்கோ” என்றார் அம்மா.

நான் தள்ளி நின்றேன். அப்பா மூன்று படம் எடுத்தார். மூன்றிலும் நான் மட்டும்தான் இருக்கிறேன்.